நடுப்பலகையில் நிற்க ஓர் ஆள்

"இந்தப் படகுல எத்தனை பேர் போகலாம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்" என்றான் ஜேகோ. கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது ஆள் யாரு?"

"மெரின். காலேஜ்லேர்ந்தே அவதான். வெயிட்டே கிடையாது அவளுக்கு. லேசா காத்து அடிச்சாக்கூடப் படகு பறக்கும்."

"அப்ப நான் ஏறினா முழுகிடுமோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"முழுகாது. ஆனா..."

முடிச்சு இறுகிவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ கரையில நில்லு, ஹெஸ்டர். திரும்பி வரும்போது நீ நிக்கிறத தூரத்துலேர்ந்தே பாக்கணும் எனக்கு."

அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடலுக்குப் போகிறவன் தன்னிடம் இப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணும் உருகிவிடுவாள். நானும் பாதி உருகினேன். மீதிப் பாதி அந்த ‘ஆனா’விலேயே நின்றுவிட்டது. இருபது வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது.

நான் உயரமானவள், அகலமானவளும்கூட. பள்ளிக்கூட நாடகத்தில் என்னை எப்போதும் மரமாகத்தான் நிறுத்துவார்கள். எங்கள் ஊர் போர்த்வெர்ன் துறைமுகத்தில் தோணிப் பலகையில் நான் கால் வைத்தால் எதிர்முனையில் உட்கார்ந்திருப்பவர் எழும்புவார். இதையெல்லாம் சொல்லி நானே சிரிப்பேன். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் வலிக்காது என்று ஒரு கணக்கு. ஆனால் கடலுக்குப் பயந்தவள் இல்லை. கோடை, குளிர் என்று பார்க்காமல் தினமும் காலையில் கல் துறைக்குப் போய் நீந்திவிட்டுத்தான் கடையைத் திறப்பேன். சோபா உறையும் ஜன்னல் திரையும் தைக்கிற கடை.

ஜேகோ பள்ளியில் இயற்பியல் நடத்துகிறான். மெரின் மாட்டு வைத்தியர். என் தோள் உயரம்கூட வரமாட்டாள், மணிக்கட்டு குருவிக் கால் போல இருக்கும். அந்தக் கையை நுழைத்துத்தான் வட்டாரத்தில் பாதிக் கன்றுகளை வெளியே இழுத்திருக்கிறாள். சனிக்கிழமையானால் என் வீட்டு வாசலில் தன் மஞ்சள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஜேகோவோடு கிளம்பிவிடுவாள். படகின் பெயர் கர்லூ. மரத்தால் ஆன சின்னப் பாய்ப்படகு, மேலே கூரையோ அறையோ கிடையாது.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இன்னும் மோசம். தப்பாக ஏதாவது இருந்தால் சண்டை போடலாம், தட்டை உடைக்கலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். இவர்களிடம் எதைச் சொல்லி உடைப்பது? சாப்பாட்டு மேஜையில் ஜேகோ, "அந்த இடம்..." என்பான். மெரின், "ஆமா, வடக்கால" என்பாள். பேச்சு முடிந்துவிடும். என்னிடம் அவன் உப்பு வேண்டும் என்று கேட்கவே முழு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சுவர் மேல் நின்று பார்ப்பேன். படகு திரும்பும்போது அவன் கை சுக்கானைத் தள்ளும், அதே நொடியில் அவள் குனிந்து மறுபக்கம் போய்விடுவாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. கல்யாணத்தன்று நடனமாடியபோது நானும் ஜேகோவும் மூன்று தடவை ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டோம்.

போன செப்டம்பரில் படகு கவிழ்ந்தது.

முகத்துவாரத்துக்கு வெளியே திடீரென்று அடித்த காற்றில் சாய்ந்து விழுந்திருக்கிறது. இருவரும் நிமிர்த்திவிட்டார்கள். ஆனால் படகு விளிம்பு வரை நிரம்பிவிட்டது. படகின் வயிற்றில் ஒரு பிளவு உண்டு, படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிற நடுப்பலகை அதன் வழியாகத்தான் தண்ணீருக்குள் இறங்கும். அந்தப் பிளவின் வாயே தண்ணீருக்கு அடியில் போய்விட்டதால், மெரின் ஒரு வாளி இறைத்தால் கடல் ஒரு வாளியை உள்ளே அனுப்பியிருக்கிறது. நண்டுப் படகு ஒன்று பார்த்து இழுத்துவந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

என் சமையலறையில் என் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்படியும் சிரித்தார்கள்.

"நான் வாளிய..." என்று ஜேகோ ஆரம்பித்தான்.

"தூக்கிப் போட்டுட்டான் ஹெஸ்டர்! கடலுக்குள்ள! கோவத்துல!" என்று மெரின் முடித்தாள்.

அவன் உயிரோடு வந்ததற்குத்தான் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன். ஆனால் டீயைக் கலக்கிக்கொண்டே வேறொன்றையும் நினைத்தேன். கவிழ்வதற்குக்கூட இவனுக்கு அவள்தான் துணை.

குளிர்காலம் முழுக்க எங்கள் கார் ஷெட்டில் கர்லூ கிடந்தது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜூன் மாதம் எல்லாப் படகுகளும் டாட்மன் முனையைச் சுற்றி ஃபோவி ஊர் வரை போகும். முனையருகே நீரோட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கடல் கொதிக்கும் இடம் ஒன்று உண்டு. அதனால், போக விரும்பும் ஒவ்வொரு ஜோடியும் மே மாதத்தில் துறைமுகத்துக்குள் ஊரார் முன்னால் தங்கள் படகைத் தாங்களே கவிழ்க்க வேண்டும். யார் உதவியும் இல்லாமல் நிமிர்த்தி, ஏறி, தண்ணீரை இறைத்து, பாய் விரித்துத் துறைச்சுவரின் முனையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அந்த ஜோடியின் பெயர் கிளப் பலகையில் ஏறும். பெயர் ஏறிய இருவர்தான் போகலாம், ஆள் மாற்றக்கூடாது.

கர்லூ பெயருக்குக் கீழே பதினெட்டு வருஷமாக ‘ஜேகோ – மெரின்’ என்றுதான் எழுதுகிறார்கள். சாக்பீஸில்தான் எழுதுகிறார்கள். ஆனால் பலகையில் அந்த இடத்து எழுத்து மட்டும் அழித்தாலும் போவதில்லை.

செப்டம்பருக்குப் பிறகு ஜேகோவுக்கு ஒரே ஜபம். "மிதக்கணும். நிரம்பினாலும் மேல நிக்கணும். பிளவோட வாய் தண்ணிக்கு மேல இருக்கணும்." பழைய தெர்மோகோல் கட்டிகளை எடுத்து எறிந்துவிட்டு, தலையணை மாதிரியும் நீளமான திண்டு மாதிரியும் ரப்பர் காற்றுப்பைகள் வாங்கிவந்தான். ஷெட் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டான். ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவைத் தாங்கும், நங்கூரம் இவ்வளவு, தண்ணீர் கேன் இவ்வளவு, ஆட்கள் இவ்வளவு. ஆட்களின் எடை எழுதிய இடத்தை நான் பார்க்காமல் பார்த்தேன். மெரினின் எடை என் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

பைகளைக் கட்டுகிற வார் தைத்தது நான். முதல் வாரை ஜேகோ கையில் வாங்கி இழுத்தான், தையல் விட்டுவிட்டது.

"சோபாவுக்குத் தைக்கிற மாதிரி தைச்சிருக்கே."

"சோபா தைக்கிறவகிட்ட கேட்டா வேற எப்படித் தைப்பா?"

"இல்ல கண்ணு, சோபால பாரம் கீழ அழுத்தும். இது உள்ள தண்ணி வந்தா மேல இழுக்கும். மொத்தப் படகையும் அந்த வார்லதான் தொங்கவிட்ட மாதிரி."

அதன் பிறகு பெட்டி மாதிரி சதுரமாகத் தையல் போட்டு, அதன் குறுக்கே கோடு போட்டு, தடித்த நூலில் தைத்தேன். ஒரு வார் அறுந்து இவன் நடுக்கடலில் போனால் என்று நினைத்துத் தைத்த தையல். ஊசி ரெண்டு உடைந்தது.

ஷெட்டுக்குள் நான் வாரோடு போகும்போதெல்லாம் நாலு கால்கள்தான் தெரியும். இருவரும் படகுக்குள் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பார்கள். உள்ளேயிருந்து குரல் வரும்.

"இன்னொண்ணு வைக்கலாம் ஜேகோ."

"கணக்குக்கு இதுவே ஜாஸ்தி."

"இருக்கட்டும். பக்கத்துக்கு இன்னொண்ணு. போதும்னு நினைச்சுத்தானே போன தடவை போனோம்?"

அவன் வைப்பான். அவள் கேட்டால் வைப்பான். இரண்டு பக்கப் பெஞ்சுக்கு அடியிலும் காற்றுப்பை, அதன்மேல் இன்னொன்று. வீட்டுச் சமையலறை அலமாரிக்கு ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லி நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

மூழ்கிவிடும் என்பதுதான் அவர்கள் இருவருக்கும் இருந்த ஒரே பயம். அளவுக்கு மேல் மிதந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

சோதனை நாள் வெயிலும் காற்றுமாக இருந்தது. ஊர் முழுக்கத் துறைச்சுவர் மேல் உட்கார்ந்து குங்குமப்பூ பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் நனைவதைப் பார்த்துக் கொண்டிருந்தது. சோதனையை நடத்தும் கிளப் பெரியவர் கிட்டோ காப்புப் படகில் மிதந்துகொண்டே எல்லாரையும் விரட்டினார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆணோ பெண்ணோ எல்லாரும் அவருக்குக் கண்ணுதான்.

"சீக்கிரம் கவுத்துங்க என் கண்ணுங்களா! ஓதம் வடிஞ்சு தண்ணி வத்திடப் போவுது!"

இரண்டு படகுகள் சுலபமாகத் தேறின. மூன்றாவது கர்லூ.

ஜேகோவும் மெரினும் ஒரே பக்கம் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தார்கள். படகு சாய்ந்து, பாய் தண்ணீரில் படுத்தது. கைதட்டல். வழக்கமாக இந்த இடத்தில் படகு பாதி முழுகி அசையாமல் கிடக்கும். ஒருவர் அடிப்பக்கம் நீந்திப் போய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்து, அதன்மேல் ஏறி நின்று பின்னால் சாய்ந்து இழுப்பார். அந்தப் பாரத்தில் படகு நிமிரும். இன்னொருவர் உள்ளே படுத்திருப்பார், நிமிரும் படகு அவரை அள்ளிக்கொண்டே எழும். பலகைக்குப் போகிறவள் எப்போதும் மெரின்தான்.

கர்லூ அப்படிக் கிடக்கவில்லை. பக்கத்துப் பைகள் எல்லாம் சேர்ந்து அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டன. துணி அலமாரியைப் பக்கவாட்டில் கடலில் போட்டது மாதிரி நின்றது. மெரின் நீந்திப் போனபோது நடுப்பலகை அவள் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. எம்பினாள். விரல் நுனி பட்டது, வழுக்கியது. மறுபடி எம்பினாள்.

அவள் விரல் வழுக்கியபோது எனக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. துள்ளிய அதே இடத்தில் பயமும் வந்து உட்கார்ந்தது. அவள் முகம் எனக்குத் தெரிந்தது, அது மெரின் முகமே இல்லை.

உயரமாக நின்ற படகின் வயிற்றில் காற்று அடித்தது. அவர்கள் நீந்துவதைவிட வேகமாகப் படகு நகர்ந்தது. பிறகு மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், பாய்மரத்தின் நுனி கீழே போக ஆரம்பித்தது. கடைசியில் படகின் அடிவயிறு மட்டும்தான் தெரிந்தது.

"ஆமை! ஆமை!" என்று சுவர் மேலிருந்து பையன்கள் கத்தினார்கள்.

"வாய மூடுங்கடா" என்றேன். பக்கத்தில் இருந்த பெண் என் பன்னைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கிட்டோ கயிறு கொடுத்துப் படகைத் தலைகீழிலிருந்து பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஜேகோ அவளைத் தோளில் ஏற்றிவிட்டான். மெரின் நடுப்பலகையில் ஏறி நின்றாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தாள். படகு கொஞ்சம் யோசித்தது. அசையவில்லை. ஓர் அலமாரியின் மேல் குருவி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இன்னும் சாய் மெரின்! இன்னும்!"

"சாயறதுக்கு என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல ஜேகோ!"

ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கால் விரல்கள் பூட்ஸுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்திருந்தது.

பிறகு ஜேகோவே ஏறி நிமிர்த்தினான். நிமிர்ந்த வேகத்தில், உள்ளே பிடித்து நிறுத்தப் பாரம் இல்லாமல், கர்லூ மறுபக்கம் போய் விழுந்தது.

"போதும் கண்ணுங்களா, வெளிய வாங்க" என்றார் கிட்டோ. "அந்தப் பைல பாதிக் காத்த இறக்கு ஜேகோ. படகு கட்டச் சொன்னா பலூன் கட்டியிருக்க. தண்ணி வத்தறதுக்குள்ள இன்னொரு தடவை தர்றேன்."

பெண்கள் உடை மாற்றும் கொட்டகையில் மெரின் பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். ரப்பர் உடையின் ஜிப்பைக்கூட அவளால் இழுக்க முடியவில்லை. நான் இழுத்துவிட்டு, துண்டால் அவள் முதுகைத் தேய்த்தேன். கன்றுக்குட்டியைத் தேய்ப்பது மாதிரி இருந்தது. தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சர்க்கரை."

"ஐயோ, மறந்துட்டேன்."

"இருபது வருஷமா மறக்கிற ஹெஸ்டர். ரெண்டு ஸ்பூன்னு வாரா வாரம் சொல்றேன். பக்கத்து வீட்டு நாய்க்கு என்ன பிஸ்கட் பிடிக்கும்னு உனக்குத் தெரியும்."

நான் துண்டை மடித்தேன். விரித்தேன்.

"பரவால்ல" என்றாள். "நான் உன் இடத்துல இருந்தா உப்பைப் போட்டிருப்பேன்."

"உளறாத. குளிர்ல உளறுற."

"ஆமா, குளிர்லதான் உண்மை வரும். எனக்கும் உன்மேல எரிச்சல் உண்டு, தெரியுமா? எனக்குக் கிடைக்கிற ஜேகோ எப்பவும் நனைஞ்சிருப்பான், கத்திக்கிட்டிருப்பான். ‘கயித்த விடு, கயித்த இழு, குனி.’ காஞ்ச ஜேகோவ நான் பாத்ததே இல்ல. அவன் எப்பவாவது சும்மா உக்காந்து பேசுவானா?"

"பேசுவான். ஞாயித்துக்கிழமை."

"அதான் சொல்றேன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் பல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் இறங்கிக்கிறேன் ஹெஸ்டர்."

"எங்கிருந்து?"

"படகுலேர்ந்து. செப்டம்பர்லயே முடிஞ்சுபோச்சு எனக்கு. பிளவு வழியா தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு பாரு, நான் இறைக்க இறைக்க... இப்பவும் குளியல் தொட்டி நிரம்புற சத்தம் கேட்டா ஓடிப் போய்க் குழாய மூடறேன். இன்னொரு பை, இன்னொரு பைன்னு ஏன் கேட்டேன்னு நினைக்கிற? எத்தனை பை வச்சா எனக்குப் பயம் போகும்னு பாத்தேன். போகல."

"அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா படகை வித்துடுவான். இல்ல, தனியா போவான். ரெண்டும் எனக்குப் பிடிக்கல." டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னிக்குச் சொல்லிடறேன். ஆனா பாதிதான் என்னால சொல்ல முடியும். மிச்சப் பாதி என்னோடது இல்ல."

"என்ன மிச்சம்?"

மெரின் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சந்தையில் நல்ல மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள் என்று சொன்னால் அவள் தொழிலுக்கு அது மரியாதைதான்.

"நீ சுவர் மேல நிக்கிறத அவன் மட்டும்தான் பாக்கிறான்னு நினைச்சியா? பாய் கொஞ்சம் தப்பா இழுத்தா எங்களுக்கு முன்னாடி உன் மூஞ்சி சுளிக்கும். நான் எத்தனையோ தடவை உன் மூஞ்சியப் பாத்துக் கயித்த விட்டிருக்கேன்."

வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "நான் ஏறினா கிட்டோ துறைமுகத்தையே ஆழப்படுத்தணும்."

"இத யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல."

"அந்தப் பலகையில நான் தொங்கினேன், படகு திரும்பிக்கூடப் பாக்கல. நீ தொங்கினா எழும்பும் ஹெஸ்டர். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "இதத் தரலாம்னு பாத்தா உன் கட்டை விரலுக்குக்கூடப் பத்தாது."

அவள் போன பிறகு ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டேன். இருபது வருஷமாக ஆசைப்பட்ட இடம் காலியாகிவிட்டது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அவனிடம் கேட்டு அவன் மறுபடி ‘ஆனா’ என்றால் இனிமேல் பழி போட மெரின்கூட இல்லையே என்று தோன்றியது. இத்தனை நாள் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறது போல.

வெளியே வந்தேன். துறைச் சரிவில் கர்லூ பாதித் தண்ணீரிலும் பாதிக் கல்லிலுமாகக் கிடந்தது. ஜேகோ முழங்காலிட்டுப் பக்கத்துப் பைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். மெரின் அவன் எதிரே நின்று ஏதோ சொன்னாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவன் கை மட்டும் வாரின் மேல் அப்படியே நின்றது. பிறகு அவன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவன் ஈர உடம்பை அவளும் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கு எரிந்தது. எரியும் என்று எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாக எரிந்தது.

மெரின் என்னைத் தாண்டிப் போகும்போது, "எனக்கு உன் பன் வேணும், எங்க வச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

நான் போய் அவன் பக்கத்தில் குந்தினேன். ஜேகோ நிமிரவில்லை.

"கேட்டியா?"

"ம்."

"செப்டம்பர்லேர்ந்தே பயந்திருக்கா. நான் பக்கத்துலயே இருந்தேன், தெரியல." ஒரு பையின் மூடியைத் திறந்தான். காற்று பெருமூச்சு மாதிரி வெளியே வந்தது. "எவ்வளவு மிதக்கும்னு கணக்குப் போட்டேன். எவ்வளவு உயரத்துல மிதக்கும்னு போடல. பசங்க பரீட்சையில இப்படி எழுதினா பாதி மார்க்தான் போடுவேன்."

"இப்ப என்ன பண்ற?"

"பக்கத்துக்கு ஒண்ணு போதும். மிச்சத்த முன் மூக்குலயும் பின்னாலயும் கட்டறேன். அப்பவும் பிளவு தண்ணிக்கு மேல நிக்கும், ஆனா சாஞ்சா கை எட்டற உயரத்துல கிடக்கும். பாய்மர உச்சியில இதக் கட்டிட்டா தலைகுப்புறப் போகாது." ஒரு மிதவையைக் காட்டினான். "எதுக்குச் சொல்றேன்... பழக்கம். இந்த வருஷம் எங்க போகப் போறோம்?"

அப்படிச் சொன்னாலும் கை நிற்கவில்லை. நான் முன் மூக்கில் புகுந்து பையைப் பிடித்துக்கொண்டேன், அவன் வாரை இழுத்துக் கட்டினான். நான் தைத்த வார். இழுத்துப் பார்த்துவிட்டு, "இது விடாது" என்றான். பாய்மரத்தைச் சாய்த்து மிதவையைக் கட்ட நான் நுனியைத் தூக்கிப் பிடித்தேன். மெரினோடு செய்தால் இருவரும் மாற்றி மாற்றித் தூக்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன். நான் ஒற்றைக் கையில் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜேகோ முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான்.

"கனமா இல்லையா?"

"இல்ல."

தண்ணீரிலிருந்து கிட்டோவின் குரல் வந்தது. "ஜேகோ! தண்ணி எறங்குது கண்ணு! வர்றியா இல்லையா? மெரின் விலகிட்டேன்னு சொன்னா. கிளப் பலகையில ரெண்டாவது பேரு என்ன எழுத?"

சுவர் மேலிருந்த ஊர் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. மெரின் என் பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

ஜேகோ முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். வாயின் இரு பக்கமும் கையைக் குவித்தான். "ஆள் இல்ல கிட்டோ! அடுத்த வருஷம் பா..."

நான் அவன் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அவன் திகைத்துப் போய்ப் பார்த்தான். அலை ஒன்று என் பூட்ஸுக்குள் புகுந்தது. சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, தோணிப் பலகை, துறைமுகத்தை ஆழப்படுத்துவது என்று ஏதாவது சேர்த்து. சிரிக்காமல் சொன்னேன்.

"என்னைக் கூட்டிட்டுப் போ ஜேகோ. கரையில நிக்கிறதுக்கு இல்ல. உன் படகுல, ரெண்டாவது ஆளா. நான் அந்தப் பலகையில நிக்கிறேன்."